பார்த்துக்கலாம் சார்

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் அவளுக்கு ‘மைக் மேடம்’ என்று பெயர். பெரிய கூடத்தில்கூட மைக்கை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுவாள். கடைசி வரிசையில் தூங்கி வழிகிறவனும் நிமிர்ந்து உட்காருவான். முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. கமா எங்கே வரும், எங்கே வராது என்பதைக்கூட ஒரு குடும்பச் சண்டையைச் சொல்வதுபோலச் சொல்வாள். வேறு துறைப் பிள்ளைகள் வந்து சுவரோரம் நின்று கேட்டுவிட்டுப் போவதுண்டு.

ஆகவே தலைகீழ் வகுப்பு என்ற பேச்சு துறைக்குள் நுழைந்தபோது முதலில் கிண்டல் செய்தவள் அவள்தான்.

“பாடத்த வீட்லயே வீடியோல பாத்துட்டு வரணுமாம். வீட்டுப்பாடத்த வகுப்புல வந்து செய்யணுமாம். அப்ப நமக்கு என்ன வேலை? வாசல்ல நின்னு டிக்கெட் கிழிக்கிறதா?”

ஆசிரியர் அறை முழுக்கச் சிரித்தது. எதிர்மேசைக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தற்காலிக ஆசிரியர். எத்தனை மணி நேரம் வகுப்பு எடுக்கிறானோ அத்தனைக்குத்தான் சம்பளம். நாற்பதைத் தொட்டும் வேலை நிரந்தரமாகவில்லை.

“விஷயமே அதுதான் மேடம்” என்றான். “நம்ம பேசறத அவன் எங்க வேணாலும் உக்காந்து கேட்டுக்கலாம். எழுத உக்காந்து பேந்தப் பேந்த முழிக்கிறான் பாருங்க, அப்பதான் பக்கத்துல ஆள் வேணும். அந்த நேரத்துல நம்ம எங்க இருக்கோம்? நம்ம வீட்ல சாப்பிட்டுட்டு இருக்கோம்.”

“சரிங்க தலைகீழ் சார்” என்றாள் அவள். அன்றிலிருந்து அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது.

மேடம், சார் எல்லாம் நாலு பேர் முன்னால்தான். அறையில் இருவர் மட்டும் இருந்தால் அவள் அக்கா, அவன் தம்பி. அவனுக்குக் குடல்வால் அறுவை நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தது அவளுடைய கணவன். அவள் மகள் கணக்கில் தட்டுத்தடுமாறியபோது வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தது அவனுடைய மனைவி.

துறைத்தலைவர் மெல்லப் பேசுகிறவர். மேலிடத்திலிருந்து எது வந்தாலும் “நல்ல விஷயம்தானே” என்று ஆரம்பிப்பார். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு அப்படித்தான் ஆரம்பித்தார்.

“நல்ல விஷயம்தானே மேடம். முதலாண்டு ஆங்கிலத்த நீங்க இந்த முறைல எடுத்துக் காட்டுங்க. நீங்க செஞ்சா மத்தவங்க தன்னால வந்துடுவாங்க. நீங்களே கிண்டல் பண்ணினா, வயசானவங்க புதுசுக்குப் பயப்படறாங்கன்னு மேல பேசிப்பாங்க.”

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் அவள் மறுத்திருப்பாள். அந்த ‘வயசானவங்க’ சுருக்கென்று தைத்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்து, மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“இதுக்கு ஏன் அக்கா இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க?” என்றான் அவன். “பேசறது நீங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்.”

அவள் வீட்டில்தான் பதிவு செய்தார்கள். அவள் கணவன் பல் செட் செய்கிறவன். பின்னறையில் நாள் முழுக்க அரவை இயந்திரம் கர்ரென்று ஓடும். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு எதிர்மேசைக்காரன் துணி அலமாரி இருந்த சிறு அறையைத் தேர்ந்தெடுத்தான். துணி சத்தத்தைக் குடித்துவிடும் என்றான். தொங்கும் சட்டைகளுக்கு நடுவில் ஒரு முக்காலி போட்டு அவளை உட்காரவைத்தான். எதிரே செல்போன். கூடத்தையே அதிரவைக்கும் அவள் குரல் அந்தச் சின்னக் கண்ணாடி வட்டத்தைப் பார்த்ததும் தொண்டைக்குள் பதுங்கிக்கொண்டது.

“யாரப் பாத்துத் தம்பி பேசறது? சுவத்தோட பேசற மாதிரி இருக்கு.”

“என்னப் பாத்துப் பேசுங்க. எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு வெச்சுக்கங்க.”

செல்போனுக்குப் பின்னால் அவன் நின்றான். அவள் பேசப் பேசத் தலையாட்டினான். புரியாதவன்போல நெற்றியைச் சுருக்கினான். சிரிக்க வேண்டிய இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவள் குரல் திரும்பி வந்தது. அவன் அதை வெட்டி ஒட்டி, நடுநடுவே கேள்விகள் சேர்த்து, சின்னச் சின்ன வீடியோக்களாக ஆக்கினான். கணவன் கையில் ஒட்டிய வெள்ளை மாவோடு எட்டிப் பார்த்து, “வீட்ல பேசறப்பவும் இந்த மாதிரி வெட்டிக்க ஏதாவது வழி இருக்கா மாப்ள?” என்று கேட்டுவிட்டுப் போனான்.

முதல் வகுப்பு மானத்தை வாங்கியது. பிள்ளைகள் பாடத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். எதிரே நின்ற அவளுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. “ஆளுக்கொரு பத்தி எழுதுங்க” என்றாள். சிலர் எழுதினார்கள், பலர் பேசினார்கள். அந்த இரைச்சல் பொறுக்காமல், கை தானாகப் பலகைக்குப் போக, அதே பாடத்தை மறுபடி நடத்தத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் முன்வரிசைப் பெண் மரியாதையாகவே சொன்னாள்.

“மேடம், இத நேத்தே பாத்துட்டோம்.”

நடுவில் அவள் சொன்ன ஜோக்கையும் வீடியோவிலேயே பார்த்துவிட்டார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

அடுத்த வகுப்புக்கு அவன் கூட வந்தான். அது அவனுடைய நேரம் இல்லை. அதற்குச் சம்பளமும் கிடையாது. மேசைகளைத் திருப்பிப் போட்டான். ஒரு குழு எழுதிய பத்தியை இன்னொரு குழுவிடம் கொடுத்து, “இதுல எந்த வரி பொய் சொல்லுது, கண்டுபிடிங்க” என்றான். முதல் நாள் வாயைத் திறக்காதவர்கள் எழுந்து நின்று சண்டை போட்டார்கள். அவன் ஒவ்வொரு மேசையிலும் குந்தி உட்கார்ந்து கேட்டான். பதில் சொல்லாமல் வேறொரு கேள்வியைப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தான். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இத்தனை வருடத்தில் அவள் வகுப்பில் அவர்கள் குரல் இப்படி எழுந்ததில்லை. எழுந்தது எப்போதும் அவள் குரல்தான்.

அந்தப் பருவம் முழுக்க அப்படியே நடந்தது. வகுப்பு அவள் பெயரில் இருந்தது, நடத்தியது அவன். அடுத்த மேசைக்கு நீங்க போங்க அக்கா என்று பலமுறை தள்ளிப் பார்த்தான். அவள் விடைத்தாள் இருக்கிறது, தொண்டை சரியில்லை என்று ஏதாவது சொல்லிப் பின்வரிசையிலேயே தங்கிவிட்டாள். யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பருவத்தின் முடிவில் துறைத்தலைவரும் டீனும் வகுப்பைப் பார்க்க வந்தார்கள். அந்த நேரத்தில் அவனுக்கு வேறு வகுப்பு இருந்தது. முந்தின நாள் மத்தியானமே எதற்குப் பின் எது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். ஆனால் அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே மேசைகளைத் திருப்பினார்கள், தாள்களை மாற்றிக்கொண்டார்கள், வாதாடினார்கள். அவள் மேசை மேசையாக நடந்தாள். டீன் சுவரோரம் நின்று பார்த்துவிட்டுக் கைகுலுக்கினார்.

அடுத்த வாரம் கூட்டம். அவளுடைய வீடியோக்களைத் திரையில் போட்டுக் காட்டினார்கள். பாராட்டினார்கள். பிறகு டீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

“ஒரு சந்தேகம் மேடம். பாடம் எப்படியும் வீடியோல போயிடுது. வகுப்புல பயிற்சி மட்டும்தான். அப்ப ரெண்டு பிரிவையும் சேத்து ஒரே ஆள் பாத்துக்கலாமில்ல?”

அவளுக்கு விடை தெரியும். ஒரு பிரிவையே அவளால் தனியாகப் பார்க்க முடியாது. இரண்டாவது பிரிவு யாருடையது என்பதும் தெரியும், அது எதிர்மேசைக்காரனுடையது. துறைத்தலைவர் அவளைப் பார்த்தார். இளைய ஆசிரியர்கள் பார்த்தார்கள். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் யார் நடத்தினார்கள் என்பதில் போய் நிற்கும்.

“பார்த்துக்கலாம் சார்” என்றாள்.

அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்தபோது அவளுக்குள் இன்னொன்றும் நடந்தது. அவன் இல்லாவிட்டால் துறையில் தன்னைப் பின்வரிசையில் பார்த்த ஒரே ஆளும் இல்லை என்று ஒரு நினைப்பு வந்து, உடனே போனது. வந்தது வந்ததுதான்.

விடுமுறை முடிந்து வந்தபோது அவன் தன் மேசையைக் காலிசெய்துகொண்டிருந்தான். தற்காலிக ஆசிரியர்களில் அவனுக்கு மட்டும் இந்தமுறை நீட்டிப்பு இல்லை.

“பிரிவு குறைஞ்சு போச்சாம் அக்கா. நம்ம வீடியோ ரொம்ப நல்லா வந்துருச்சு போல” என்று சிரித்தான். “நானே எனக்கு ஆப்பு வெச்சுக்கிட்டேன்.”

அப்போது சொல்லியிருக்கலாம். அவள் அவனுடைய அகராதிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாள். கீழே வண்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனாள். மேலே வந்தபோது எதிர்மேசை துடைத்துவைத்ததுபோல இருந்தது.

புதுப் பருவம் பெரிய கூடத்தில் தொடங்கியது. இரண்டு பிரிவும் ஒன்றாக. மேசைகள் தரையோடு முடுக்கப்பட்டவை, திருப்ப முடியாது. பாதிப் பேர் வீடியோ பார்க்காமல் வந்தார்கள். பார்த்தவர்கள் பார்க்காதவர்களுக்காகக் காத்திருந்தார்கள். குழுவாகப் பிரிக்கப் போனால் சந்தைக்கடை. அவன் கேட்கிற மாதிரி கேள்வி கேட்டுப் பார்த்தாள். பதில் வரும்வரை பொறுக்காமல் தானே பதிலைச் சொன்னாள். கடைசியில் மேடையேறி நின்று பேசினாள். கைதட்டினார்கள். வகுப்பு முடிந்து தாள்களைப் பார்த்தால் போன வருடம் எழுதியவர்களின் பக்கத்தில்கூட இவர்கள் வரவில்லை.

இதற்கிடையில் ஒரு வீடியோவின் கடைசியில் வெட்ட மறந்த ஒரு துண்டு இருந்தது. அவள் பேசி முடித்து மூச்சு விடுகிறாள். திரைக்கு வெளியிலிருந்து ஓர் ஆண் குரல் “சூப்பர் அக்கா” என்கிறது. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். யாராவது சரியான விடை சொன்னால் கூடத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து “சூப்பர் அக்கா” என்று குரல் எழும், எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிக்க வேண்டியிருந்தது. ஒருநாள் சிரித்துவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்தவள் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

“உடம்பு சரியில்லையா?” என்று வீட்டில் கணவன் கேட்டான்.

“தம்பி வேலை போனதுக்கு நான்தான் காரணம்.”

அவன் அரவை இயந்திரத்தை நிறுத்தினான். முழுவதையும் கேட்டான். வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. “அவன்கிட்ட சொல்லிட்டியா?” என்று மட்டும் கேட்டான்.

சில நாள் கழித்து அவனே பல்கலைக்கழகத்துக்கு வந்தான். நூலகத்தில் ஒரு கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததாம். கேண்டீனில் உட்கார்ந்தார்கள். கொஞ்சம் இளைத்திருந்தான். அவள் “சார், டீ சொல்லட்டுமா?” என்றாள்.

“எப்பலேர்ந்து நான் சார் ஆனேன்?” என்றான். பிறகு வந்த காரியத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் ஆள் எடுக்கிறார்கள். தலைகீழ் முறையில் வகுப்பு நடத்திய அனுபவம் வேண்டுமாம். உங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறேன், போன் செய்வார்கள்.

“கிளாஸ் உங்க பேர்லதான் இருந்தது. அத மாத்த வேணாம். நானும் கூட இருந்தேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

கூட இருந்தேன். அதைக்கூட அவன் கெஞ்சிக் கேட்கிற மாதிரி கேட்டதில் அவளுக்கு முகம் எரிந்தது.

“தம்பி, பிரிவு தானாக் குறையல. கூட்டத்துல என்னக் கேட்டாங்க. ரெண்டையும் ஒரே ஆள் பாத்துக்க முடியுமான்னு. முடியும்னு நான்தான் சொன்னேன்.”

அவன் டீ கிளாஸை மேசைமேல் மெதுவாகச் சுற்றினான்.

“முடியாதுன்னு உங்களுக்குத் தெரியுமே.”

“தெரியும்.”

“அப்ப வாய்தவறி வரல.”

“இல்ல.”

பக்கத்து மேசையில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அவன் கிளாஸைத் தள்ளி வைத்தான்.

“இத்தன நாள் கழிச்சு இப்ப ஏன் சொல்றீங்க?”

“மனசு கேக்கல.”

“உங்களுக்குப் பேச முடியலன்னப்ப நான் எதிர்ல நின்னேன். வகுப்பு ஓடலன்னப்ப வந்து நின்னேன். இப்ப உங்க மனசு லேசாகறதுக்கும் நான்தான் வந்து உக்காரணுமா?”

கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னான். அவன் எழுந்து பையை மாட்டிக்கொண்டான். “போன் வந்தா மட்டும் எடுத்துடுங்க மேடம்” என்றான்.

போன் மறுநாளே வந்தது. வகுப்பு முழுவதையும் நடத்தியது அவன்தான், நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன் என்று அவள் சொன்னாள். எதிர்முனையில் இருந்த பெண்மணி “தன்னடக்கமாச் சொல்றீங்க” என்றாள். “இல்லைங்க, நடந்தது அதுதான்” என்று அவள் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

யாரென்றே தெரியாத ஒருத்தியிடம் சொன்னதோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. துறைத்தலைவரிடம் போனாள். அவர் கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

“நல்ல விஷயம்தானே, மனசுல வெச்சுக்காமச் சொல்லிட்டீங்க. ஆனா இத இப்ப வெளில சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது? அடுத்த வாரம் நீங்க மத்தத் துறைங்களுக்கு இந்த முறையப் பத்திப் பேசறீங்க. அத முதல்ல பாருங்க.”

பேசினாள். பல துறை ஆசிரியர்கள் வந்திருந்தார்கள். டீன் முதல் வரிசையில். மேடையில் மைக் இருந்தது. எப்போதும்போல ஒதுக்கிவைக்கப் போனவள், குரல் எழும்பாதென்று தோன்றவே, அதைப் பிடித்துக்கொண்டாள். வீடியோவில் பேசியது நான், வகுப்பை நடத்தியது வேறொருவர் என்றாள். அவருக்கு அதற்குச் சம்பளம் கிடையாது என்றாள். இந்த முறை ஆளைக் குறைக்காது, முன்பைவிட அதிகம் ஆள் கேட்கும், எனக்கு அது வரவில்லை, வந்ததாகக் காட்டிக்கொண்டேன், ஒரே ஆள் போதும் என்று நான் சொன்னது பொய், அந்தப் பொய்யில் ஒருவருக்கு வேலை போனது என்றாள். டீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த பருவத்துக்குப் பிரிவுகளை மறுபடி பிரித்தார்கள். துறைத்தலைவர் அவனைக் கூப்பிட்டுப் பார்த்தார். பயிற்சி நிலையத்தில் சேர்ந்துவிட்டேன், பாதியில் விட முடியாது என்று சொல்லிவிட்டானாம். எதிர்மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அவளுடைய பெயரைப் பாடத்திட்டத்தில் தன் பெயருக்குப் பக்கத்திலேயே போட வேண்டும் என்று மைக் மேடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். வகுப்பில் மேசை மேசையாகப் போய், வாயை அடக்கிக்கொண்டு உட்காரப் பழகினாள். சில நாள் அது கைவந்தது. பல நாள் வரவில்லை.

அவள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. துறையில் அவள் மரியாதை குறையவில்லை, கூடியது. “பெரிய மனசு மேடம் உங்களுக்கு, யார் இப்படிப் போட்டு உடைப்பாங்க” என்று வராந்தாவில் நிறுத்திச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அவளுக்கு ஓடி ஒளிய வேண்டும்போல இருந்தது. ஏனென்றால் ஒன்றை மட்டும் அவள் மேடையில் சொல்லவில்லை. அவனிடமும் சொல்லவில்லை, கணவனிடமும் சொல்லவில்லை. அவன் போனால் நல்லது என்று ஒரு கணம் நினைத்ததை.

மழைக்காலம் தொடங்கிய சமயத்தில் மருந்துக்கடையில் அவனுடைய மனைவியைப் பார்த்தாள். ஒதுங்கிப் போய்விடலாம் என்று அவள் நினைப்பதற்குள் அந்தப் பெண் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க அண்ணி, வீட்டுப் பக்கமே காணோம்? பொண்ணு கணக்கெல்லாம் எப்படிப் போடறா?”

“நல்லா போடறா. நீ சொல்லிக் குடுத்ததுதான்.”

“அவரு இப்ப சாயங்காலம் வகுப்பு எடுத்துட்டு வரதுக்குள்ள நாங்க தூங்கிடறோம். முன்ன மாதிரி பேச்சே இல்ல. நீங்க போன்ல நல்லபடியாச் சொன்னதாலதான் எடுத்துக்கிட்டாங்கன்னு சொன்னாரு.”

அவன் மனைவியிடம் வேறெதையும் சொல்லவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நெஞ்சிலிருந்து வார்த்தைகள் தொண்டைவரை வந்துவிட்டன. இங்கேயே, இந்தக் கடைப் படியிலேயே சொல்லிவிட்டால் அந்தப் பெண் அழலாம், திட்டலாம், மன்னிக்கவும் செய்யலாம். எப்படியும் கொஞ்சம் பாரம் இறங்கும். அந்தப் பெண்ணின் கையில் மருந்துப் பை, கக்கத்தில் இடுக்கிய குடை, கண்ணில் களைப்பு. தன்னிடமிருந்து இறங்கும் பாரம் போய் உட்காரப்போவது இந்தப் பெண்ணின் தலையில்தான்.

அவள் விழுங்கிக்கொண்டாள்.

“பையக் குடு, கனமா இருக்கு” என்றாள். “பஸ் ஸ்டாப் வரைக்கும் வரேன்.”

தூறல் விழுந்துகொண்டிருந்தது. இருவரும் ஒரே குடைக்குள் நடந்தார்கள். அந்தப் பெண் மகனுடைய பள்ளியைப் பற்றியும், ஒழுகும் சமையலறைக் கூரையைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தாள். அவள் உம் கொட்டிக்கொண்டு கேட்டாள்.